சுண்ணாம்பு தடவாத கலயம்

ஏல, நீ கேட்டது நல்ல கேள்விதான். ‘சபைக்குள்ளேயே கள்ள உபதேசம் வந்துட்டுன்னா விசுவாசி எப்படித் தப்பிக்கது தாத்தா?’ன்னு கேட்டே. பதில் சொல்லுதேன். ஆனா அதுக்கு முன்னால எனக்கொரு சந்தேகம் தீரணும். நீ நெசமாவே தப்பிக்க ஆசைப்படுதியா? ஏமாறுததுல ஒரு சொகம் இருக்கு பாத்துக்கோ. அந்தச் சொகத்தை விட மனசில்லாம, ஏமாத்துறவனை மட்டும் வையணும்னா, அதுக்கு எங்கிட்ட வர வேண்டாம். உன் போனுலயே ஆளு நெறைய இருக்கான்.

நல்லா ஏமாறணும்னு ஆசையிருந்தா அதுக்கும் வழி சொல்லித் தாறேன், கேட்டுக்கோ. வேதத்தை எப்பவும் ஒரு வசனமா வாசி. முந்தின வசனத்தையும் பிந்தின வசனத்தையும் ஏறிட்டும் பாக்காதே. வருஷக் கடைசி ராத்திரி கோயில்ல வாக்குத்தத்த அட்டையை நீட்டுதாவள்லா, அதுதான் முழு வேதமும்னு நெனச்சுக்கோ. விவரம் தெரிஞ்ச நாள்லருந்து நானும் எடுத்துட்டுத்தான் வாரேன். ‘உன்னை ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன்’ இந்த ரகந்தான் வருது. ‘உன் அளவுகோல் கள்ள அளவுகோல்’னு ஒரு அட்டை எந்தக் கடைக்காரன் கைக்கும் வந்து நான் பாக்கல. தீர்க்கதரிசி புஸ்தகங்கள்ல பக்கம் பக்கமாக் கண்டிப்புத்தான் கெடக்கு. அட்டை அடிக்கிற அச்சாபீசுக்கு மட்டும் அந்தப் பக்கம் எப்படியோ போய்ச் சேரல.

இப்ப ஒரு அட்டையை எடுத்துக்குவோம். எரேமியா 29, வசனம் 11. உங்க வீட்டுச் சுவத்துலகூட சட்டம் போட்டுத் தொங்குது. உங்களுக்காக நான் வச்சிருக்கிற நெனப்பு தீமைக்கில்ல, சமாதானத்துக்குன்னு கர்த்தர் சொல்லுதது. நல்ல வசனம். பத்தாம் வசனம் என்னன்னு உங்கப்பங்கிட்ட கேளு. திருதிருன்னு முழிப்பான். பாபிலோன்ல 70 வருஷம் முடிஞ்ச பொறவுதான் உங்களைத் திரும்பக் கூட்டிட்டு வருவேன்னு இருக்கு. எழுபது வருஷம்னா, அந்தக் கடுதாசியை வாங்கி வாசிச்சவன்ல முக்காவாசிப் பேரு அங்கனயே மண்ணாப் போயிருப்பான். திரும்பி வந்தது பேரனும் கொள்ளுப்பேரனும். அதுக்கு மேல உள்ள வசனத்துல, அங்கனயே வீட்டைக் கட்டு, தோட்டம் போடு, புள்ளைகளுக்குக் கல்யாணம் முடிச்சு வை, உன்னைச் சிறை கொண்டு போன ஊரு நல்லாயிருக்க ஜெபம் பண்ணுன்னு வேற எழுதியிருக்கு. எவனாவது அட்டையில அடிப்பானா?

சரி, அந்தக் கடுதாசி ஏன் எழுத வேண்டி வந்துச்சு? அதுக்கு முந்தின அதிகாரத்துல ஒரு அண்ணாச்சி வாராரு. கிபியோன் ஊர்க்காரரு, பேரு அனனியா. கோயில்ல, ஆசாரியரு ஜனங்க எல்லாரும் பாத்துட்டிருக்க, ‘கர்த்தர் சொல்லுதாரு, ரெண்டே வருஷம், எல்லாரும் திரும்பிருவாவ, கொள்ளை போன கோயில் பாத்திரமெல்லாம் திரும்பிரும்’னு சத்தம் போட்டாரு. எரேமியா ஒரு மர நுகத்தைக் கழுத்துல மாட்டிட்டுத் திரிஞ்சாரு. இவரு அதைப் புடுங்கி ஒடைச்சும் போட்டாரு. கேட்ட ஜனம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்னு நீயே சொல்லு. ஒருத்தரு ரெண்டு வருஷங்காரு, இன்னொருத்தரு எழுபதுங்காரு. வங்கிக்காரன் தவணை சொன்னாலே நாம கொறைஞ்சதைத்தான் கேப்போம். எரேமியா அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? ‘ஆமென், நீ சொல்லுதபடியே கர்த்தர் செய்யட்டும்’னாரு. அவருக்கும் ரெண்டே வருஷம்னாத்தான் ஆசை. ஆனா ஆசை வேற, கர்த்தர் சொன்னது வேறன்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்ச மனுசன். அந்த வருஷம் ஏழாம் மாசமே அனனியா அண்ணாச்சி செத்துப் போனாரு. இந்தப் பதினோராம் வசனத்தைக் கர்த்தர் எழுதினதே ‘ரெண்டு வருஷம்’ மாதிரியான பேச்சை நம்பாதீங்கன்னு எச்சரிச்சுத்தான். நாம அதையே வெட்டி எடுத்து ‘ரெண்டு மாசத்துல வீசா கெடைக்கும்’னு சுவத்துல மாட்டியிருக்கோம்!

நான் பனையேறி. எனக்குத் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லுதேன். ஒரே பனை, ஒரே பாளை, ஒரே அரிவாளால சீவுதேன். ஒரு கலயத்துல வடியது பதனி, ஊரே குடிக்கும், காய்ச்சினாக் கருப்பட்டி. இன்னொரு கலயத்துல வடியது கள்ளு, குடிச்சவன் தெருவுல கெடப்பான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? கள்ளுக் கலயத்துல எவனும் விஷத்தைக் கலக்கல. சுண்ணாம்பு தடவாம விட்டான், அம்புட்டுத்தான். கள்ள உபதேசமும் நெறையா இப்படித்தான்யா. நீங்க எல்லாம் ‘அவரு என்ன தப்பாச் சொல்லிட்டாரு, எல்லாம் வேதத்துல உள்ளதுதானே’ன்னு கேக்கிய. உள்ளதுதான், யாரு இல்லைன்னா? தடவாம விட்டது எதுன்னு கேளு. மனந்திரும்பணும்ங்க பேச்சு எங்க? சிலுவையைச் சுமக்கணும்ங்க பேச்சு எங்க? கூலியாளுக்குக் கூலியைப் பிடிச்சு வைக்காதேன்னு யாக்கோபு எழுதினது எங்க? ஒரு வருஷம் அந்தப் பிரசங்கியாரைக் கேட்டுட்டு, அவரு தொடாமலே தாண்டிப் போன பக்கத்துக்கெல்லாம் ஒரு ஓலைத்துண்டு வச்சு அடையாளம் போட்டுப் பாரு. அவரு யாருன்னு அந்த ஓலைத்துண்டு சொல்லிரும்.

இந்த வித்தையைக் கண்டுபுடிச்சது இப்பத்திய யூடியூப் ஊழியக்காரருன்னு நெனைக்காதே. பிசாசு பழைய ஆளு. ஆண்டவரைக் கோயில் உப்பரிகையில ஏத்திவிட்டு, கீழ குதி, தூதன் கையில ஏந்திக்கிடுவான்னு எழுதியிருக்கேன்னு கேட்டாம்லா. அது சங்கீதம் 91. எழுதியிருக்கது நெசந்தான். பதினோராம் வசனத்துல ‘உன் வழிகளிலெல்லாம்’ காப்பாத்துவாருன்னு இருக்கதுல அந்த வழிப் பேச்சை மட்டும் பதமா முழுங்கிட்டான். அதோட பன்னெண்டாம் வசனத்துல டக்குனு நிறுத்திட்டான். ஏன்னு பதிமூணைப் பாரு. அதுல பாம்பை மிதிக்கது வருது! தன் தலைக்கு வருத வசனத்தை அவன் ஏன் வாசிக்கப் போறான்? எந்தப் பிரசங்கியாரும் எந்த எடத்துல நிறுத்துதாருன்னு பாத்துக்கிட்டே இரு. நிறுத்துத எடத்துக்கு அடுத்த வரியிலதான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

மூணாம் யோவானும் அப்படித்தான். ரெண்டாம் வசனத்தை வச்சு, நீ எல்லாத்துலயும் வாழ்ந்து சொகமாயிருக்கணும்ங்கது கர்த்தர் போட்ட ஒப்பந்தம்னு கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குதாவ. எய்யா, அது காயுன்னு ஒரு நல்ல மனுசனுக்கு யோவான் கடுதாசித் தொடக்கத்துல நலம் விசாரிச்சது. ‘இங்கு நலம், உங்கள் நலமறிய ஆவல்’னு உங்க ஆச்சி எழுதினா, அதை எடுத்துட்டு வங்கிக்குப் போய்க் கடன் கேப்பியா? அந்தக் கடுதாசியே ஒத்தைப் பக்கந்தான். பாதிக்கு மேல வந்தா தியோத்திரேப்புன்னு ஒருத்தன் வாரான். சபையில எப்பவும் தானே முதல்ல நிக்கணும்னு ஆசைப்பட்டவன், வந்த சகோதரரைச் சேக்காதவன், சேக்கவனையும் வெளிய தள்ளுதவன். ரெண்டாம் வசனத்துல ஏறின பிரசங்கியாருக்கு ஒன்பதாம் வசனத்துக்கு வர நேரமே கெடைக்க மாட்டேங்குது.

அடுத்தது துட்டு. நாகமான்னு சீரியாக்காரச் சேனாதிபதி, குட்டரோகம் தீந்தவரு, பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன்னு, பத்து மாத்துடுப்பு கொண்டு வந்து எலிசா முன்னால வச்சாரு. எலிசா தொடல. சுகம் விக்கிற சரக்குல்லன்னு அனுப்பிட்டாரு. அவருக்குக் கீழ வேலை பாத்த கேயாசிக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. பின்னாலயே ஓடினான். ஓடிப்போய் ‘எனக்குத் தாரும்’னு கேட்டானா? அந்தக் காலத்துலயே அவன் கெட்டிக்காரன். ‘எப்பிராயீம் மலையிலருந்து தீர்க்கதரிசி வகையறாவுல ரெண்டு வாலிபப் பையமாரு வந்திருக்காவ, அவியளுக்குத்தான்’னான். வேதாகமக் கல்லூரிப் புள்ளைகளுக்கு நன்கொடைன்னு இப்ப சொல்லுதாவள்லா, அதுதான்! ஒரு தாலந்து கேட்டதுக்கு நாகமான் ரெண்டாக் குடுத்தாரு. குடுத்தவரு மனசு சுத்தம், வாங்கினவனுக்குத்தான் குட்டரோகம் ஒட்டிச்சு. ஊழியத்துக்குக் குடுக்காதேன்னு நான் சொல்லலல. குடுத்தது எங்க போச்சுன்னு கணக்குக் கேக்கதுக்கும் விசுவாசத்துக்கும் சண்டை கெடையாதுன்னு சொல்லுதேன். பவுலே எருசலேம் ஏழைகளுக்குச் சேத்த காசைத் தனியாத் தூக்கிட்டுப் போகல. சபை தெரிஞ்செடுத்த ஆளு கூட வரணும்னாரு.

1987-ல அமெரிக்காவுல ஓரல் ராபர்ட்ஸுன்னு டெலிவிசன்ல சுகமாக்கும் ஊழியம் பண்ணின ஒருத்தரு, மார்ச்சு மாசத்துக்குள்ள 80 லட்சம் டாலர் சேரலைன்னா கர்த்தர் என்னை எடுத்துக்கிடுவாருன்னு சொன்னாரு. பரலோகம் போகதுக்கு இம்புட்டுப் பயந்த ஊழியக்காரரை எங்கயும் கேட்டிருக்க மாட்டே! கடைசியில நாய்ப் பந்தயம் நடத்துத பணக்காரரு ஒருத்தரு 13 லட்சம் டாலர் குடுத்து உதவினாரு. ராபர்ட்ஸு 2009 வரைக்கும் நல்லா இருந்தாரு. பாளையங்கோட்டையிலருந்து வந்த ஒரு ஐயரு ஒரு தடவை சொன்னாரு, ஆதிச்சபைக்காரன் இதுலயெல்லாம் நம்மள விட வெவரமாம். திதகேன்னு ஒரு பழைய கிறிஸ்தவக் கையேடு, 1873-ல இஸ்தான்புல்லுல ஒரு பழைய புஸ்தகக் கட்டுக்குள்ளருந்து கண்டெடுத்தாவளாம். ஊரு ஊரா வருத அப்போஸ்தலனைக் கர்த்தரை மாதிரி வரவேத்துக்கோ, ஒரு நாளு தங்கட்டும், தேவைப்பட்டா ரெண்டு நாளு. மூணாம் நாளும் தங்கினாக் கள்ளன். போகும்போது அடுத்த எடம் போய்ச் சேருத வரைக்கும் ரொட்டி குடு, துட்டுக் கேட்டாக் கள்ளன். ஆவியில நெறஞ்சு ‘பந்தி வைங்க’ன்னு சொல்லிட்டு அதுலயே உக்காந்து சாப்புட்டாலும் கள்ளன். ஆனா பாத்துக்கோ, இல்லாதப்பட்ட இன்னொருத்தனுக்குக் குடுங்கன்னு கேட்டா அவனை நியாயந்தீக்காதேன்னும் அதுலயே இருக்கு. அந்த ஜனம் படிப்பில்லாத ஜனம், அடிமைக நெறைய. நம்ம படிச்ச புள்ளைகளோ க்யூஆர் அட்டையைக் கண்ட ஒடனே போனைத் தூக்குதிய.

ஆண்டவர் வருகைக்குத் தேதி குறிக்கிற கதையை நீட்ட வேண்டாம். அமெரிக்காவுல வில்லியம் மில்லர் கூட்டம் 1844 அக்டோபர் 22-ங்காவ. நம்ம பக்கத்துத் திருவிதாங்கூர்ல யுஸ்துஸ் யோசேப்புன்னு ஒரு குருவானவரு 1881-ங்காரு. ஹரால்டு கேம்பிங்கு 2011 மே 21-ன்னு ஊரெல்லாம் பலகை வச்சாரு. எல்லா மறுநாளும் பொழுது விடிஞ்சுது. சொன்னது நடக்கலைன்னா அவனுக்குப் பயப்படாதேன்னு உபாகமம் பதினெட்டுல இருக்கு. அதுக்கு மேல பேச என்ன இருக்கு?

இதெல்லாம் கேக்கப் போனா ஒரு பெரிய கதவைச் சாத்துவாவ. ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ம்பாவ. உன் வாய் அடைச்சுப் போகும். அடைக்க வேண்டாம். சங்கீதம் 105-ஐத் தொறந்து வாசி. ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சப் பேரா, சொந்த எடமில்லாம ஊரூரா அலைஞ்சப்ப, ராஜாக்களைப் பாத்துக் கர்த்தர் சொன்னது அது. நாதியத்தவனைப் பலமுள்ளவன்கிட்டருந்து காப்பாத்தச் சொன்ன வார்த்தை. இன்னைக்கு அதை மேடையில நிக்கிற பலமுள்ளவன் தூக்கி, கீழ நிக்கிற விதவை மேல வீசுதான். சவுல் ராஜாவை தாவீது தொடலைதான். ஆனா கெபியை விட்டு வெளிய வந்து, அங்கித் தொங்கலை வெட்டின துண்டைக் கையில தூக்கிக் காட்டி, ‘எம்மேல என்ன குத்தம் கண்டீரு’ன்னு சத்தமாக் கேட்டாம்லா. கை படல, நாக்கு பட்டுது. பெரோயா ஊர்க்காரங்க இன்னும் ஒரு படி மேல. பவுலு பிரசங்கத்தைக் கேட்டுட்டு, இவரு சொல்லுதது சரிதானான்னு தினமும் வேதத்தை எடுத்துப் பாத்தாவ. பவுலு கோவிக்கல. அவியளை நல்ல குணமுள்ளவங்கன்னுதான் எழுதி வச்சிருக்கு. உன் பிரசங்கியாரு பவுலை விடப் பெரியவரா இருந்தாக் கேக்காதே.

இந்த எடத்துல நீ தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கே. அந்தப் பெரிய மைதானத்துக் கூட்டம், எண்ணெய் பாட்டிலு, ஜெபம் பண்ணின கைக்குட்டை எல்லாம் உன் கண்ணு முன்னால வருது. நம்ம கோயில் சுத்தம்னு நெனச்சுச் சிரிக்கே. சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்து.

வேதத்துலயே ரொம்பக் கோவமான கடுதாசி எது? கலாத்தியர். வேற சுவிசேஷத்தை வானத்துத் தூதனே வந்து சொன்னாலும் அவன் சபிக்கப்பட்டவம்பாரு பவுலு. அப்படி என்ன நடந்துச்சு? விருத்தசேதனச் சண்டைதான், ஆனா அதுக்கு அவரு எடுத்துச் சொல்லுத சாட்சி என்னன்னு ரெண்டாம் அதிகாரத்துல பாரு. அந்தியோகியாவுல ஒரு சாப்பாட்டுப் பந்தி. யூதரான பேதுரு புறசாதிக்காரங்களோட உக்காந்து சாப்புட்டுட்டு இருந்தாரு. எருசலேம்லருந்து சில சொக்காரங்க வந்தாவ. ஒடனே பைய எந்திரிச்சு வேற எடத்துல போய் உக்காந்தாரு. அம்புட்டுத்தான். ஒரு பிரசங்கம் பண்ணல, ஒரு வசனத்தைத் திருத்தல, கள்ளத் தீர்க்கதரிசனம் சொல்லல. பந்தியை விட்டு எந்திரிச்சாரு. அதுக்குப் பவுலு எல்லாரும் பாக்க, மொகத்துக்கு நேரா, நீரு சுவிசேஷத்தோட சத்தியத்துக்கு ஏத்தபடி நடக்கலன்னாரு. பேதுருவைல! பரலோகத்துத் தாக்கோலை வாங்கினவரை!

இப்ப நம்ம அசனத்துக்கு வா. ஊரெல்லாம் அரிசி குடுத்து, பெரிய செம்புல பொங்கி, கோயில் வளவுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுதோம். நல்ல வழக்கம், நம்ம தாத்தமாரு வச்சிட்டுப் போனது. அன்னைக்கு மட்டும் நாம அந்தியோகியாவுல பாஸாயிருதோம். மறுநாள் கல்யாண விளம்பரத்தை வாசி. ‘மறுபடியும் பிறந்த, ஆவியில் நிறைந்த, இன்ன சாதி மணமகள் தேவை’. எனக்கு இது வெளங்கவே மாட்டேங்கு. மறுபடி பிறந்தும் எப்படில கரெக்டா அதே சாதியிலயே போய்ப் பொறந்தான்? தமிழ்நாட்டுல இன்னைக்கும் செத்தவனுக்குத் தனித்தனிச் செவரு கட்டி வச்ச கல்லறைத் தோட்டம் இருக்கு. கடைசி எக்காளம் ஊதும்போது செவருக்கு இந்தப் பக்கம் முதல்லயா, அந்தப் பக்கம் முதல்லயான்னு கமிட்டி கூட்டி முடிவு பண்ணுவாவ போல.

புதுசு இல்லய்யா இது. 1833-ல கல்கத்தா பிஷப்பு டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி இருக்கக் கூடாது, முழுசா விட்டுரணும்னு கடுதாசி அனுப்பினாரு. வேப்பேரியிலயும் தஞ்சாவூர்லயும் எத்தனையோ பேரு சாதியை விடல, கோயிலை விட்டுட்டுப் போனாவ. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரைத் தெரியும்லா? அவரு பாட்டுப் பாடாத தமிழ்க் கோயில் உண்டா? அந்த மனுசனே சாதி வழக்கத்துக்குப் பரிஞ்சு எழுதினவரு. அவரு பாட்டை நான் இன்னமும் பாடுதேன், அழுதுட்டே பாடுதேன். அவரோட அந்த எழுத்தை நான் தள்ளுதேன். ரெண்டும் ஒரே மனுசங்கிட்ட இருந்துச்சு. கள்ள உபதேசம்னா கொம்பு வச்ச ஆளு கொண்டு வருவான்னு நீ வாசல்ல காவல் நிக்கே. அது எப்பமோ உள்ள வந்து, நமக்குப் புடிச்ச ராகத்தைப் பாடிட்டு, நம்ம பெஞ்சுலயே உக்காந்திருக்கு. மைக்கே இல்லாம நடக்கிற பிரசங்கம் அது. தீர்க்கதரிசனம் சொன்ன ஊழியக்காரனைத் திட்டி ஆயிரம் வீடியோ வருது. வரதட்சணை வாங்கின மூப்பரைத் திட்டி ஒரு வீடியோ வந்துச்சா? வராது. பாக்கவும் ஆள் இருக்காது.

அதான் சொல்லுதேன், தடவாம விட்ட சுண்ணாம்பு எதுன்னு மேடையைப் பாத்துக் கேட்டது போதும். உன் கலயத்தையும் தூக்கிப் பாரு. ஆகாபு ராஜா போருக்குப் போகவான்னு நானூறு தீர்க்கதரிசிகளைக் கூட்டிக் கேட்டாரு. நானூறு பேரும் ‘போம், ஜெயிப்பீரு’ன்னாவ. அதுல சிதேக்கியா இரும்புல கொம்பு செஞ்சு போட்டுட்டு வந்து நடிச்சே காட்டினான். இன்னொருத்தன் இருக்கான் மிகாயா, அவனை எனக்குப் புடிக்காது, நல்லதே சொல்ல மாட்டான்னு ராஜாவே வாயைத் தொறந்து சொன்னாரு. நானூறு பேரு எங்கருந்து வந்தான்? ராஜா காது கேட்டுது, வந்தான். பவுலும் தீமோத்தேயுவுக்கு அதைத்தான் எழுதினாரு. காது அரிக்கிற ஜனம் தனக்குன்னு போதகரைச் சேத்துக்கிடும்னு. போதகன் ஜனத்தைச் சேத்ததா எழுதல பாரு. உன் போன்ல எந்தப் பிரசங்கத்தைப் பாதியில தள்ளிவிட்டே, எதை மூணு பேருக்கு அனுப்பினேன்னு ராத்திரி ஒருக்காப் பாரு. உன் காது எங்க அரிக்குதுன்னு தெரிஞ்சுபோகும்.

‘அப்ப இந்தச் சபையை விட்டுட்டு நாங்களே சுத்தமா ஒண்ணு ஆரம்பிச்சா என்ன தாத்தா’ன்னு கேக்க வாயெடுக்கே. ஆரம்பி, யாரு வேண்டாம்னா? மெயின் ரோட்டுல வரிசையா இருக்க போர்டையெல்லாம் போய் வாசிச்சுட்டு வா. எல்லாமே முந்தின சபை கெட்டுப்போச்சுன்னு ஆரம்பிச்சதுதான். அத்தனாசியுன்னு அலெக்சாந்திரியாவுல ஒரு பிஷப்பு. கிறிஸ்து படைக்கப்பட்டவருதான்னு ஆரியு கிளப்பிவிட்ட உபதேசத்தை 325-ல நிசேயாவுல தள்ளியும் அது சாகல. அடுத்தடுத்து வந்த ராஜா பாதிப் பேரும், பிஷப்புமாரு பாதிப் பேரும் ஆரியு பக்கம். அத்தனாசியை அஞ்சு தடவை நாடு கடத்தினாவ. அஞ்சு தடவையும் அதே ஆட்டு மந்தைக்குத்தான் திரும்பி வந்தாரு. புது போர்டு எழுதல.

எப்பமும் இருந்துதான் ஆகணுமான்னா, அதுவும் இல்ல. கேள்வி கேக்கப்பிடாதுன்னு ஒரு சபையில சொன்னா, கேட்டவளை மேடையிலருந்து சாபமிட்டா, கிறிஸ்துவைப் பத்திப் பேசாம ஊழியக்காரரைப் பத்தியே ஆராதனை முழுக்கப் பேசினா, செருப்பை மாட்டிட்டுக் கெளம்பு. மிச்ச சில்லறைக் குத்தத்துக்கெல்லாம் கெளம்பினா நீ செருப்பைக் கழட்டவே நேரமிருக்காது. உங்க ஐயரு வழவழன்னு பிரசங்கம் பண்ணுதாரு, எனக்கும் தூக்கம் வருது. அது கள்ள உபதேசம் இல்லல, தொண்டைக் கோளாறு.

கடைசியா ஒண்ணு. எபேசு சபை இருக்கே, அது பெரிய கெட்டிக்காரச் சபை. ஆரம்பத்துல அங்கன விசுவாசிச்ச மந்திரவாதிக தங்களோட புஸ்தகத்தையெல்லாம் குமிச்சு எரிச்சாவ, வெலை 50,000 வெள்ளிக்காசு. நம்ம கமிட்டியா இருந்தா ஏலம் விட்டு மண்டபம் கட்டியிருப்போம். பொறவு அதே சபை, அப்போஸ்தலன்னு சொல்லிட்டு வந்தவனையெல்லாம் சோதிச்சு, பொய்யன்னு கண்டுபுடிச்சுது. வெளிப்படுத்தலுல ஆண்டவரே அதை மெச்சுதாரு. மெச்சிட்டு, உன் ஆதி அன்பை விட்டுட்டே, திரும்பலைன்னா உன் விளக்குத்தண்டை எடுத்துருவேங்காரு. கள்ளனைக் கண்டுபுடிக்கிற வேலையில பரீட்சை பாஸான சபைக்கு இந்தக் கதி. நீ இப்ப இந்தக் கள்ள உபதேச ஆராய்ச்சியில எறங்கியிருக்கே, ராத்திரி ஒரு மணி வரைக்கும் வீடியோ பாக்கே, காலையில எவனைப் பாத்தாலும் ‘அவன் அந்த உபதேசக்காரன்’னு மோப்பம் புடிக்கே. உன் ஆச்சி கேட்டா, ‘இவன் என்ன கோயிலுக்குப் போறானா, போலீஸ் ஸ்டேசனுக்குப் போறானா’ன்னு.

ஆதியில செஞ்சதைத் திரும்பச் செய்யின்னு எபேசுக்கு மருந்து எழுதியிருக்கு. அதனால உனக்கொரு சோலி தாறேன். மேலத்தெருவுல கண்ணு தெரியாத பாட்டியா ஒருத்தி இருக்கா. மகன் துபாய்ல, வாசிச்சுக் காட்ட ஆள் இல்ல. சாயங்காலம் போய் அவளுக்கு வேதம் வாசி. அவ ஆதியாகமத்துல ஆரம்பிச்சு வரிசையாத்தான் கேப்பா, இப்ப எண்ணாகமத்துல நிக்கா. அதுல பேரு வரிசை வரும், வகையறா வகையறாவா, தலை எண்ணிக்கையோட. ஒரு பேரைத் தாண்டினாலும் கண்டுபுடிச்சிருவா, முதல்லருந்து வாசிக்கச் சொல்லுவா. மகன் போன்ல கூப்புட்டா எடுத்து அவ காதுல வச்சுக் குடு. வரும்போது அவ கருப்பட்டி குடுத்தா ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ. மூணாம் நாளும் சாப்பாட்டுக்கு உக்காந்தேன்னு கேள்விப்பட்டேன், எனக்குச் சந்தேகம் வந்துரும்.